கீழ்முதுகில் எலும்பு முள்: பயிற்சியா, ஊசியா, அறுவையா?

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இதுதான் அந்த முள்ளா, கண்ணு?" என்று கேட்டார் அம்மா. அவர் விரல் வைத்த இடத்தில், கீழ்முதுகின் ஐந்து எலும்புகளில் மூன்றாவதன் முன்விளிம்பு கிளிமூக்கு போல வளைந்து நீண்டிருந்தது. பார்க்கவே பயமாகத்தான் இருந்தது. அறிக்கையின் முதல் வரியிலும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். அதைக் கரைக்க முடியுமா, செதுக்கி எடுக்க முடியுமா, அப்படியே விட்டால் நரம்பைக் கிழித்துவிடுமா என்று அடுத்த பல வாரங்கள் வீட்டில் எல்லோரும் அந்தக் கிளிமூக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அம்மாவின் கால் வலிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நரம்புகள் இறங்கிப் போவது முதுகெலும்பின் பின்பக்கமாக. கிளிமூக்கு இருந்ததோ முன்பக்கத்தில், வயிற்றைப் பார்த்தபடி.

நான் மருத்துவர் இல்லை. அம்மாவுக்காக முடிவெடுக்க வேண்டியிருந்ததால் படித்தேன், கேட்டேன், ஒவ்வொரு வழியையும் மற்றதோடு வைத்துப் பார்த்தேன். அதே இடத்தில் இன்று நின்றுகொண்டிருப்பவர்களுக்கு அது உதவும் என்பதால் எழுதுகிறேன். உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்த மருத்துவரின் சொல்லுக்கு இது மாற்று ஆகாது.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. முள் என்றால் குத்தும். குத்தினால் பிடுங்க வேண்டும். நம் யோசனை அப்படித்தான் ஓடும். ஆனால் இந்த முள் கூர்மையானது இல்லை. வழவழப்பான எலும்பு மேடு என்று சொன்னால் சரியாக இருக்கும். இரண்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க், வயது ஏற ஏற நீர்ச்சத்தை இழந்து தட்டையாகிறது. அப்போது பாரம் எலும்பின் விளிம்புகளில் இறங்குகிறது. அங்கே ஒட்டியிருக்கும் தசைநார்கள் இழுபடுகின்றன. அந்த இழுவைக்குப் பதிலாக உடல் அங்கே குருத்தெலும்பை வளர்க்கிறது. அது மெல்ல இறுகி எலும்பாகிறது. தாங்கும் பரப்பை அகலமாக்கி, ஆடுகிற மூட்டை நிலைநிறுத்த உடல் செய்யும் ஏற்பாடு இது. நாம் சாப்பிடும் கால்சியம் போய்ப் படிந்து வளர்வது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்தப் பயத்தில் மருத்துவர் கொடுத்த கால்சியம் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் எலும்புமெலிவைத்தான் வரவழைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு செய்தி எங்களுக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. வலி இல்லாத அவர்களிலேயே இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது; எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கு. எலும்பு முள்ளும் இந்தத் தேய்மானத்தோடு கைகோத்து வருவதுதான். ஆகவே படத்தில் முள் தெரிவதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்ட முடியாது. வலி இல்லையென்றால் முள்ளுக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. சும்மா விடுவதும் ஒரு வழிதான். பெரும்பாலானவர்களுக்கு அதுவே சரியான வழி.

எந்த வகை வலி?

சிகிச்சைகளை ஒப்பிடுவதற்கு முன் இதைப் பிரித்துக்கொள்ளாவிட்டால் ஒப்பீடே வீண். ஒரே அறிக்கையை வைத்திருக்கும் மூன்று பேருக்கு மூன்று வெவ்வேறு தொல்லைகள் இருக்கலாம்.

ஒருவருக்கு வலி இடுப்போடு நிற்கும்; மிஞ்சினால் பிட்டம் வரை வரும். நெடுநேரம் நின்றாலோ, பின்னால் வளைந்தாலோ கூடும். எலும்புகளின் பின்புறம் ஜோடியாக இருக்கும் ஃபேசட் எனப்படும் சிறு மூட்டுகள் தேய்ந்து, அவற்றின் ஓரத்தில் முள் வளர்ந்திருந்தால் இப்படி இருக்கும்.

இன்னொருவருக்கு முதுகைவிடக் கால்தான் வலிக்கும். ஒரு காலில், பிட்டத்திலிருந்து கோடு போட்டதுபோல முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும், மரத்துப்போகும், சுருக்கென்று இழுக்கும். நரம்பு வேர் வெளியே வரும் துளையில் முள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மூன்றாமவருக்கு உட்கார்ந்திருக்கும்போது ஒன்றுமே இருக்காது. எழுந்து சில நிமிடங்கள் நடந்தால் இரண்டு கால்களும் கனத்து, எரிந்து, இனி ஓரடிகூட முடியாது என்றாகிவிடும். உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ விட்டுவிடும். நரம்புகள் மொத்தமாக இறங்கும் கால்வாயே சுருங்கிவிட்ட நிலை இது. குனியும்போது அந்தக் கால்வாய் சற்று விரிகிறது, நிமிரும்போது சுருங்குகிறது என்பதுதான் இதன் சூட்சுமம். அதனால்தான் தள்ளுவண்டியின் பிடியில் சாய்ந்தபடி இவர்களால் நெடுந்தூரம் நடக்க முடிகிறது. சைக்கிள்கூட மிதிக்க முடிகிறது. காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருந்தாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அதற்குக் குனிய வேண்டியதில்லை, சும்மா நின்றாலே வலி குறைந்துவிடும். மருத்துவர் பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்தாரா என்பதைக் கவனியுங்கள். அது வீண் சோதனை இல்லை.

அம்மா மூன்றாவது வகை. ஐந்து நிமிடம் நடப்பார், பிறகு எங்கே உட்கார இடம் கிடைக்கும் என்று கண்கள் தேட ஆரம்பிக்கும். எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் காரணம் தெரிந்தது. நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே, ஃபேசட் மூட்டின் உட்பக்கம் வளர்ந்த சின்ன முள்ளும் தடித்துப்போன தசைநாரும் சேர்ந்து கால்வாயை நெருக்கியிருந்தன. எக்ஸ்ரேயில் அது கண்ணுக்கே தெரியவில்லை. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், நரம்பைக் காட்டாது.

இதில் ஒப்பீட்டுக்கே இடமில்லாத நிலை ஒன்று உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடின்றிக் கழிந்தாலோ, ஆசனவாயைச் சுற்றியும் தொடைகளின் உட்புறமும் உணர்ச்சி இல்லாமல் போனாலோ, இரண்டு கால்களும் வேகமாகப் பலம் இழந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மறுநாள் காலை வரைகூடக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகு வலி, இவையும் உடனே காட்ட வேண்டியவை.

பயிற்சி: மெதுவான வழி, ஆனால் முதல் வழி

பயிற்சி முள்ளைக் கரைக்காது. முள்ளைச் சுற்றி இருப்பவற்றை மாற்றும். வயிற்று, பிட்டத் தசைகள் வலுவானால் இடுப்பின் பின்வளைவு குறைகிறது. கால்வாய்க்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. தொடையின் முன்புறத் தசைகள் இறுகியிருந்தால் அவையும் இடுப்பை முன்னால் இழுத்து வளைவைக் கூட்டும். அவற்றை நீட்டிவிட வேண்டும். கால்வாய் சுருங்கியவர்களுக்கு முன்னால் மடங்கும் பயிற்சிகள்தான் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்: மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்புக்குக் கொண்டுவருவது, நாற்காலியில் உட்கார்ந்து மெல்லக் குனிவது, நிலைச் சைக்கிள். டிஸ்க் பிதுங்கியவருக்குச் சொல்லித்தரும் பின்னால் வளையும் பயிற்சியை இவர்கள் செய்தால் வலி கூடிவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்த பயிற்சியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பயிற்சி என்ற பெயரில் பலருக்கு நடப்பது பயிற்சியே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். பத்து நாள் போய்ப் படுத்து, இடுப்பில் கருவியை வைத்துச் சூடேற்றிக்கொண்டு, இழுவைப் பட்டையில் கட்டி இழுத்துவிட்டு, "பிசியோதெரபி பார்த்தாயிற்று, பலனில்லை" என்று அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கீழ்முதுகு வலிக்கு இழுவை, இடுப்புப் பட்டை, அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. சூட்டு ஒத்தடம் இதமாக இருக்கும். அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். பலன் தருவது நாம் வியர்க்க வியர்க்கச் செய்யும் பகுதிதான். அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் கொடுத்தால்தான் வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும்.

அம்மாவின் நாட்குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்களின் பின்புறத்தில், அன்று எத்தனை நிமிடம் நிற்காமல் நடந்தார் என்பதை மட்டும் எழுதி வைப்பார். 5, 5, 6, 4, 7. மூன்றாவது வாரம் ஒரு நாள் 3 என்று இருக்கிறது. அன்று தாளைக் கசக்கிப் போட்டுவிட்டார், நான்தான் எடுத்து நீவி வைத்தேன். பத்தாவது வாரம் 18. வலி எவ்வளவு என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் சொல்வார். நிமிடக் கணக்கு ஏமாற்றவில்லை. பிறகு ஒவ்வொரு மருத்துவரிடமும் அந்தத் தாள்களைத்தான் முதலில் நீட்டினோம். நீங்கள் எந்த வழியில் போனாலும் இப்படி ஒரு கணக்கு வையுங்கள்.

2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். கால்வாய்ச் சுருக்கத்துக்கு அறுவைக்குச் சம்மதித்துவிட்ட 169 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு அறுவையும் மறுபாதியினருக்குப் பயிற்சியும் ஒதுக்கினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து உடல் இயக்கத்தில் இரு குழுக்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதை வைத்து, அறுவையே தேவையில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அது அரைகுறை வாசிப்பு. பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பின்னர் அறுவைக்கு மாறிவிட்டார்கள். நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: முதலில் பயிற்சியைப் பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் அறுவைக்குப் போவதால் பெரிய நஷ்டம் எதுவும் வந்துவிடாது. கால்வாய்ச் சுருக்கம் பலருக்கு ஆண்டுக்கணக்கில் அதே அளவில் நின்றுவிடுகிறது. "இன்றே வெட்டாவிட்டால் நாளை படுத்த படுக்கைதான்" என்று யாராவது பயமுறுத்தினால், கால் பலம் குறைந்திருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் சொல்கிறாரா என்று கேளுங்கள். கீழ்முதுகின் பெரும்பகுதியில் தண்டுவடமே கிடையாது. அது முதலாவது, இரண்டாவது எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் போன்ற நரம்புக் கற்றைதான்.

மாத்திரை பற்றிச் சுருக்கமாக

முள்ளைக் கரைக்கும் மாத்திரை என்று ஒன்று இல்லை. யார் விற்றாலும் வாங்காதீர்கள். வலிக்கான மாத்திரைகளில் ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், டைக்ளோஃபெனாக் வகைகள் ஓரளவு கேட்கும். ஆனால் அவை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். முள் வருவதே பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு. இந்த மாத்திரைகள் அதிகம் கெடுப்பதும் அவர்களைத்தான். வலி கூடியிருக்கும் சில நாட்களுக்குக் குறைந்த அளவில், மருத்துவர் சொல்லி எடுத்துக்கொள்வது ஒன்று; மாதக்கணக்கில் தானாக வாங்கிப் போடுவது முற்றிலும் வேறு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

பாராசிட்டமால் திடீர் முதுகு வலியில் வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நரம்பு வலிக்கு என்று எழுதித்தரும் ப்ரீகாபலின், காலுக்கு இறங்கும் வலியில் பலன் தரவில்லை என்று 2017இல் இன்னொரு ஆய்வு. தலைச்சுற்றல்தான் அதிகமாக இருந்தது. வயதானவர்களுக்குத் தலைச்சுற்றல் என்றால் விழுவது, விழுவது என்றால் இடுப்பெலும்பு முறிவு. அம்மாவுக்கு அதை எழுதிக் கொடுத்த இரண்டாம் நாள் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மருத்துவரிடம் பேசி நிறுத்தினோம். சில வாரங்கள் தொடர்ந்து எடுத்திருந்தால் அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஊசி: எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்

நரம்புகளைச் சுற்றியுள்ள இடத்தில் ஸ்டீராய்டு செலுத்தும் எபிட்யூரல் ஊசியைத்தான் அடுத்ததாகச் சொல்வார்கள். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி போடுவார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அது முள்ளைத் தொடுவதில்லை, நெருக்கப்பட்ட நரம்பின் வீக்கத்தைக் குறைக்கிறது. ஒரே ஒரு நரம்பு வேர் சிக்கி, கால் வலி உயிரை வாங்கும்போது சில வாரங்களுக்கு நல்ல நிம்மதி தரக்கூடும்.

கால்வாய் முழுவதும் சுருங்கியவர்களுக்குக் கதை வேறு. 2014இல் வெளியான ஆய்வில் 400 பேருக்கு ஊசி போட்டார்கள்: பாதிப் பேருக்கு மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு வெறும் மரப்பு மருந்து. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது ஸ்டீராய்டு சேர்த்ததால் சொல்லும்படியான கூடுதல் பலன் எதுவும் இல்லை. நைஸ் வழிகாட்டுதலும், கால்வாய்ச் சுருக்கத்தால் நடக்க முடியாதவர்களுக்கு இந்த ஊசி வேண்டாம் என்கிறது. அரிதாக நரம்புக்கு நிரந்தரச் சேதம் நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அதே 2014இல் எச்சரித்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை எகிறும். முன்பே தெரிந்து வைத்திருந்தால் பதற்றம் இருக்காது.

என் கருத்தில், ஊசி சிகிச்சை என்பதைவிட அவகாசம் என்று சொல்லலாம். வலியால் பயிற்சியே செய்ய முடியாதவருக்கு அது ஒரு மாதத்தைத் திறந்துவிடுகிறது. அந்த மாதத்தில் பயிற்சியைத் தொடங்கினால் ஊசிக்கு அர்த்தம் உண்டு. படுத்துக்கொண்டே அடுத்த ஊசிக்குத் தேதி பார்ப்பதானால், போடாமலே இருக்கலாம்.

இடுப்போடு நிற்கும் ஃபேசட் மூட்டு வலிக்கு வேறொரு முறை உண்டு. அந்த மூட்டிலிருந்து வலியை எடுத்துச்செல்லும் சின்ன நரம்பை ரேடியோ அலை வெப்பத்தால் சுட்டுவிடுவார்கள். முதலில் அந்த நரம்பை மரக்கச்செய்து, வலி போகிறதா என்று சோதிப்பது கட்டாயம். சோதனையில் வலி போகாதவருக்கு இதைச் செய்வதில் பொருளில்லை. பலித்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும். பிறகு நரம்பு மறுபடி வளரும். ஆய்வு முடிவுகள் இதில் இரண்டு பட்டிருக்கின்றன. 2017இல் நெதர்லாந்திலிருந்து வந்த முடிவுகள் பயிற்சியோடு இதைச் சேர்ப்பதால் பெரிய ஆதாயம் இல்லை என்றன. கால் வலிக்கு இது எதுவும் செய்யாது.

அறுவை: எதற்காக என்பதுதான் கேள்வி

நாங்கள் முதலில் போன மருத்துவமனையில், படத்தை விளக்குப் பலகையில் மாட்டிய ஐந்தாவது நிமிடமே ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து எலும்புகளை இணைக்க வேண்டும் என்றார்கள். அம்மாவை எழுந்து நடக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. கூடவே, முன்பக்கத்துக் கிளிமூக்கைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார்கள். இன்று நினைத்தாலும் மனம் கொதிக்கிறது.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் படத்தை எடுக்கவே இல்லை. "அம்மா, குதிகாலை மட்டும் ஊன்றிக் கொஞ்சம் நடந்து காட்டுங்கள்" என்றார். பிறகு அம்மாவின் கால் கட்டைவிரலைத் தன் விரலால் அழுத்தி, "மேலே தூக்குங்கள், விடாதீர்கள்" என்றார். இடது விரல் அவர் விரலைத் தள்ளியது. வலது விரலும் தள்ளியது. "பலம் முழுசாக இருக்கிறது. நமக்கு நேரம் இருக்கிறது" என்றார். அந்த ஒரு சோதனை எங்கள் முடிவை மாற்றியது.

அறுவையில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம். ஒன்று, இடம் உண்டாக்குவது. எலும்பின் பின்தகட்டையும் தடித்த தசைநாரையும் நரம்பை நெருக்கும் முள்ளின் பகுதியையும் எடுத்து, நரம்பை மூச்சுவிட வைப்பது. லேமினெக்டமி என்பது இந்த வகை. நரம்பு வெளியேறும் துளையை மட்டும் அகலப்படுத்துவதும் இதில் அடங்கும். இருக்கும் எல்லா முட்களையும் தேடித் தேடிச் செதுக்க மாட்டார்கள், அதற்குத் தேவையும் இல்லை. பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றது, இணைப்பது, அதாவது ஃப்யூஷன். இடம் உண்டாக்கிய பிறகு இரண்டு எலும்புகளை ஸ்க்ரூ போட்டு இறுக்கி, நடுவில் எலும்பு வைத்து ஒன்றாக வளரவிடுவது. இது பெரிய அறுவை: ரத்த இழப்பு அதிகம், எலும்பு கூடப் பல மாதங்கள், புகைப்பவர்களுக்குக் கூடாமலே போகும் ஆபத்து. இணைத்த இடம் அசையாததால் அதற்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளில் சுமை ஏறி, சில ஆண்டுகளில் அவை தேயலாம்.

எது தேவை? 2016இல் ஸ்வீடனில் 247 பேரை வைத்துச் செய்த ஆய்வு, இரண்டாண்டுக்குப் பிறகு இணைத்தவர்களும் இணைக்காதவர்களும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள் என்று காட்டியது. எலும்பு சற்று முன்னால் நழுவியிருப்பவர்களுக்காவது இணைப்பு கட்டாயம் என்று பலரும் நம்பியிருந்தார்கள். 2021இல் நார்வேயில் அப்படிப்பட்ட 267 பேரிடம் பார்த்தபோது, இடம் மட்டும் உண்டாக்கிக்கொண்டவர்கள் பின்தங்கவில்லை. இணைப்பே வேண்டாத சிகிச்சை என்று நான் சொல்லவில்லை. குனிந்து நிமிரும்போது எலும்பு கண்கூடாக நழுவி ஆடினால், முதுகு பெரிதாகக் கோணியிருந்தால், நரம்பை விடுவிக்க மூட்டின் பெரும்பகுதியையே எடுக்க வேண்டியிருந்தால் இணைத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் காரணம் உங்களுக்கு இருக்கிறதா என்பதை மருத்துவர் படத்தில் தொட்டுக் காட்ட வேண்டும். குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் "ஆடுகிறது" என்று சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

அறுவை நன்றாகத் தீர்ப்பது கால் வலியையும் நடக்க முடியாமையையும்தான். இடுப்போடு நிற்கும் முதுகு வலிக்கு அதே உறுதியைத் தர முடியாது. அறுவைக்குப் பிறகு ஏமாற்றம் அடைந்தவர்களோடு பேசிப் பார்த்தால், பலர் முதுகு வலிக்காக அறுவை செய்துகொண்டவர்களாகவே இருப்பார்கள். கால்வாய்ச் சுருக்கத்துக்கு அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த பெரிய ஆய்வின் முடிவு 2008இல் வந்தது. உண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள், செய்துகொள்ளாதவர்களைவிட இரண்டாண்டு முடிவில் வலியிலும் இயக்கத்திலும் மேலான நிலையில் இருந்தார்கள். ஆபத்துகளும் உண்டு: நரம்புறை கிழிவது, கிருமித் தொற்று, காலில் ரத்தக் கட்டி, சில ஆண்டுகளில் மறு அறுவை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுப் போனால் தொற்றின் வாய்ப்பு குறையும்.

துளைவழி அறுவை, எண்டோஸ்கோப், லேசர் என்ற பெயர்களில் மயங்க வேண்டாம். சிறிய காயம், விரைவில் எழுந்து நடப்பது ஆகியவை உண்மையான நன்மைகள். ஆனால் நெடுநாள் பலனைத் தீர்மானிப்பது தோலில் எவ்வளவு கீறினார்கள் என்பதைவிட, உள்ளே நரம்புக்குப் போதுமான இடம் கிடைத்ததா என்பதுதான். உங்கள் மருத்துவர் எந்த முறையில் அதிகம் கை பழகியவரோ அதில் செய்துகொள்வது நல்லது.

எங்கள் வீட்டில் நடந்தது

முதல் ஆண்டு முழுக்கப் பயிற்சியிலேயே போனது. 18 நிமிடம் 25 ஆனது. அதற்குள் அடங்கும்படி அம்மா தன் நாளை அமைத்துக்கொண்டார். ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அவருடைய வகை வலிக்கு அது கொடுப்பது குறைவு, அவருக்குச் சர்க்கரையும் உண்டு.

இரண்டாம் ஆண்டின் நடுவில் வலது செருப்பு அடிக்கடி கழன்று விழ ஆரம்பித்தது. அம்மா செருப்பைத்தான் குறை சொன்னார். புதிது வாங்கினோம், அதுவும் கழன்றது. ஒரு மாலை எனக்குச் சட்டென்று உறைத்தது. அவரை உட்காரவைத்து, அந்த மருத்துவர் செய்ததைப் போலவே கட்டைவிரலை அழுத்தி, தூக்கச் சொன்னேன். இடது விரல் தள்ளியது. வலது விரல் என் விரலுக்குக் கீழே அப்படியே கிடந்தது.

கணக்கு மாறிவிட்டது என்று அப்போது தெரிந்தது. வலி எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும். பலம் குறையும் நரம்பு காத்திருக்காது, வாரங்கள் போகப் போக மீளும் வாய்ப்பு குறையும். மறுநாளே அதே மருத்துவரிடம் போனோம். குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்தார், எலும்பு ஆடவில்லை. நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே இடம் மட்டும் உண்டாக்கினார், ஸ்க்ரூ எதுவும் வைக்கவில்லை. கால் கனம் மயக்கம் தெளிந்த அன்றே இறங்கிவிட்டது. விரலின் பலம் திரும்ப ஐந்து மாதம் ஆனது. இன்னும் முழுதாக வரவில்லை, ஆனால் செருப்பு நிற்கிறது. முதுகில் காலையில் கொஞ்சம் பிடிப்பு இருக்கத்தான் செய்கிறது. பயிற்சி தொடர்கிறது.

ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். அம்மா அதை வாங்கி, பழைய பழக்கம்போலவே ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது எலும்பின் முன்விளிம்பில் கிளிமூக்கு அப்படியே இருந்தது. "இதை எடுக்கவே இல்லையா, கண்ணு?" என்றார். இல்லை என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படத்தை உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். வீட்டுக்கு நடந்தே போகலாம் என்றார்.